ரத்தினபாயின் சோப்பு டப்பா

குளித்துவிட்டு வெளியே வரும் ரத்தினபாயின் கையில் எப்போதும் ஒரு சோப்பு டப்பா இருக்கும். ரோஸ் நிறம். மூடியின் கீல் என்றைக்கோ உடைந்துபோய், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கும். சொந்த வீட்டின் குளியலறையிலிருந்து, ஏதோ சத்திரத்தில் குளித்துவிட்டு வருகிறவளைப் போல ஒரு பெண் தன் சோப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு வருவதைச் சேலையூரில் இருந்த அந்த வீட்டில் யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. பழகிப்போயிருந்தது. அவளுக்கும்தான்.

அந்தப் பழக்கம் பல்லாவரத்தில் ஆரம்பித்தது. அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம். ஆறுக்கும் சேர்த்துத் தகரக் கதவு போட்ட ஒரே குளியலறை. விடிவதற்கு முன்பே கதவுக்கு வெளியே வாளிகள் வரிசை கட்டி நிற்கும். ஆள் நிற்க வேண்டாம், வாளி நின்றால் போதும். முறை வந்ததும் வாளியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். நாலு சொம்பு ஊற்றுவதற்குள் அடுத்த வாளிக்காரர் கதவைத் தட்டுவார். வாளியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பா வாசனை சோப்பு வாங்கி வந்தார். ரோஜாப்பூ படம் போட்ட உறை. சிறுமி ரத்தினபாய் அதை உள்ளேயே மறந்துவிட்டு வந்துவிட்டாள். ஞாபகம் வந்து ஓடியபோது மூன்று குடித்தனம் குளித்து முடித்திருந்தது. சோப்பு அங்கேதான் இருந்தது. ஆனால் நோயில் விழுந்து எழுந்த பிள்ளையைப் போல இளைத்துப் போயிருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுத அழுகையில் காம்பவுண்டே கூடிவிட்டது.

அம்மா மட்டும் பதறவில்லை. "பாத்ரூம்ல வச்சுட்டு வர்ற எதுவும் நம்மளுது இல்லடி. எடுத்துனு வந்தாத்தான் நம்மளுது" என்றாள்.

பிறகு ரத்தினபாய் வளர்ந்தாள், படித்தாள், ரயில்வேயில் வேலை கிடைத்தது, தாம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். புகுந்த வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், கல்யாணத்துக்குக் காத்திருந்த, கணவருக்கு மூத்த நாத்தனார் எப்சி. குளியலறை அங்கேயும் ஒன்றுதான். புது மருமகள் பாடிக்கொண்டே குளிப்பாள். அவளுக்கு நல்ல குரல். ஆனால் எந்தப் பாட்டையும் இரண்டாவது சரணத்துக்கு மேல் பாடியதில்லை. அதற்குள் யாராவது தட்டிவிடுவார்கள்.

தனிக் குடித்தனம் வந்து சேலையூரில் வீடு கட்டியபோது, கணவர் வேதசிரோமணியின் சவர சாமான்களும் பழைய பேப்பர்களும் குளியலறை அலமாரியைப் பிடித்துக்கொண்டன. மகன் ஆஸ்டினுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் அறையோடு சேர்ந்த குளியலறை அவனுக்கும் மருமகள் ரேஷ்மாவுக்கும் என்றானது. ரத்தினபாய் யாரோடும் சண்டை போடவில்லை. சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள், எடுத்துக்கொண்டு வந்தாள்.

வேலை நேரம் முழுக்க அவள் உட்கார்ந்திருந்தது ஸ்டேஷன் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால். "வரிசையில வாங்க, அடுத்தவங்க" என்று ஊரையே ஒழுங்குபடுத்தினாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு கல் மேடை. சில்லறை உரசியும் முழங்கை உரசியும் அந்தக் கல் நடுவில் லேசாகக் குழிந்து, குழந்தையின் கன்னம் போல வழவழப்பாகியிருந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிர்ச்சியாக இருக்கும்.

பணி ஓய்வு பெற்று, மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்த அன்று மாலை வேதசிரோமணி கேட்டார், "ரத்தினம், உனக்கு ஏதாச்சும் வாங்கணும்னு ஆசையா இருக்கு. சொல்லு. வளையலா, செயினா?"

"எனக்கு ஒரு பாத்ரூம் வேணும்."

"அதான் ரெண்டு இருக்கே."

"எனக்குன்னு ஒண்ணு. சின்னதா இருந்தாப் போதும். உள்ள ஒரு கல்லு மேடை வேணும். நல்ல கல்லு."

"மேடை எதுக்கு?"

அவள் நெஞ்சுக்குள் ஒரு சிறுமி இளைத்த சோப்போடு நின்றாள். அதை எப்படிச் சொல்வது? அறுபது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு சோப்பு டப்பா வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காகக் கல் மேடை கேட்கிறாள் என்றால் சிரிக்க மாட்டார்களா?

"சும்மாதான். ஏதாச்சும் வைக்கறதுக்கு" என்றாள்.

இடம், சமையலறைக்குப் பின்னால் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் நின்ற சந்து. ஐந்தடி அகலம், ஏழடி நீளம். கொத்தனார் தனக்கோடி வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாக்கா இது, தீப்பெட்டி மாறி கீது. இதுல கக்கூஸ் வோணும், குளிக்க எடம் வோணும், மேட வேற வோணும்ன்றீங்க. உள்ள பூந்தவங்க திரும்பி வர வாணாவா?"

ரேஷ்மா சாக்பீஸ் எடுத்து வந்தாள். சாமான்களை நகர்த்திவிட்டுத் தரையில் கோடு போட்டாள். இது கதவு, இது வாஷ்பேசின், இது கல் மேடை என்று வரைந்துவிட்டு, "மாமா, நீங்க கமோடு. சேர் எடுத்துட்டு வந்து இந்தக் கட்டத்துல உக்காருங்க" என்றாள்.

இந்தியன் வங்கியில் மேலாளராக ஓய்வு பெற்ற வேதசிரோமணி, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கட்டத்துக்குள் பதவிசாக உட்கார்ந்தார். கையில் பேப்பரும் இருந்தது.

"அத்தை, நீங்க குளிங்க."

ரத்தினபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறும் சொம்பால் காற்றை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். மூன்றாவது சொம்பில் முழங்கை போய் வேதசிரோமணியின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"கமோடு ரொம்ப கிட்டக்க இருக்கு" என்றாள்.

"கமோடுக்கு வலிக்குது" என்றார் அவர்.

தனக்கோடி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடுகளை அழித்து அழித்துப் போட்டார்கள். கடைசியில் எல்லாம் அடங்கியது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால் உள்ளே இடம் மிச்சமாகும். கமோடு ஒரு மூலை, குளிக்க எதிர் மூலை. தண்ணீர் மேடைப் பக்கம் வராமல் ஓடத் தரையைக் குளிக்கிற மூலைப் பக்கம் சரித்துவிட வேண்டும். மேடை நீளவாக்கில் சுவரை ஒட்டி ஓடட்டும். அகலம் ஒரு அடி போதும். வாஷ்பேசின் வரும் இடத்தில் மட்டும் கல் வயிறு தள்ளினாற்போல வளைந்து வரட்டும். கூர்மையான முனை எங்கும் இருக்கக் கூடாது, இடுப்பில் இடிக்கும்.

"கண்ணாலப் பந்தில எல போட்ட மாறி எல்லாம் கரீக்டா குந்திக்கிச்சு" என்றார் தனக்கோடி. "கல்லு மட்டும் கறுப்பு கிரானைட்டு போட்ருங்கக்கா. அழுக்கு தெர்யாது. நீங்க கட்டயப் போட்டு அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

மறுநாள் தனக்கோடியையும் கூட்டிக்கொண்டு வண்டலூர் போகிற சாலையில் ஒரு கல் கடைக்குப் போனார்கள். பெரிய பெரிய பலகைகள் சாய்ந்து நின்றன. கறுப்பு, பழுப்பு, மயில் கழுத்து நிறம். ரத்தினபாய் ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் ஒரு வெள்ளை மார்பிள். மழைநீர் ஓடின தடம் போல, அதன் குறுக்கே லேசான சாம்பல் நிறக் கோடு ஒன்று. அவள் உள்ளங்கையை வைத்தாள். டிக்கெட் ஜன்னலின் குளிர்ச்சி அப்படியே ஏறியது.

"இதான்."

"அத்தை, மார்பிள் எல்லாத்தையும் உறிஞ்சுக்கும்" என்று ரேஷ்மா போனில் படித்துக் காட்டினாள். "எண்ணெய், மஞ்சள், சாயம் எது பட்டாலும் கறை. எலுமிச்சம்பழம் பட்டா அரிச்சுடும். ஆசிட் ஊத்திக் கழுவவே கூடாது."

"படட்டும்."

"அக்கா, கடசில என்னைத்தான் திட்டுவீங்க" என்றார் தனக்கோடி.

"உங்களத் திட்டறதுக்கு எனக்குக் கல்லா வேணும்?"

வாழ்க்கையில் முதன்முறையாக ரத்தினபாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அவள் கண்ணைப் பார்த்த வேதசிரோமணி மறுபேச்சுப் பேசாமல் கடைக்காரரிடம் திரும்பினார்.

டிசம்பர் முதல் வாரம் அறை முடிந்தது. இளம்பச்சை டைல்ஸ், உயரத்தில் ஒரு ஜன்னல், அதன் வெளிச்சம் நேராக வந்து விழும் இடத்தில் வெள்ளைக் கல் மேடை. வாஷ்பேசினுக்காக அறுத்தெடுத்த வட்டக் கல்லைக்கூட ரேஷ்மா விடவில்லை. சப்பாத்தி தேய்க்க எடுத்துக்கொண்டாள். ரத்தினபாய் வாசலில் நின்று பார்த்தாள். மேடையின் வலது கோடியில், ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு சோப்பு டப்பாவுக்கு வேண்டிய இடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்கள் நிறைந்தன. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணட்டும், அதற்குப் பிறகு வைக்கலாம் என்று இருந்தாள். புது அறையை ஜெபிக்காமல் புழங்குகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

அங்கேதான் விதி பீர்க்கன்கரணையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது.

நாத்தனார் எப்சிக்கு உலகத்தில் மூடாத பொருள் எதையும் பார்க்கப் பொறுக்காது. அவள் வீட்டில் டீவிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, மிக்சிக்கு உறை, டெலிபோன் இருந்த காலத்தில் அதற்கும் உறை. எல்லாம் அவளே குரோஷா ஊசியால் பின்னியவை. தம்பி மனைவியின் மார்பிள் மேடையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, போனில் அளவு கேட்டு வாங்கி, அவள் ராப்பகலாகப் பின்னியிருந்தாள். சிவப்பு நூல். மேடையின் நீளத்துக்கு வரிசையாகப் பெரிய பெரிய பூக்கள்.

"கிறிஸ்துமஸ் நேரம் பாரு, அதான் செவப்பு" என்று மேடைமேல் விரித்தாள். வளைவுக்குத் தகுந்தாற்போல அது கச்சிதமாக உட்கார்ந்தது. அதன்மேல் தண்ணீர் படாமலிருக்க டைனிங் டேபிளுக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் போட்டாள். அதன்மேல் ஒரு பூச்சாடி. "இனிமே ஒரு பொட்டுக் கறை படாது ரத்தினம்."

வேதசிரோமணி அசந்துபோனார். "எங்க அக்காவுக்குக் கைதான் கை." ரேஷ்மாவுக்கும் நிம்மதி, மார்பிளைப் பற்றிப் படித்ததிலிருந்து அவளுக்கு ஒரே கவலையாக இருந்தது. பாஸ்டர் குளியலறை வாசலில் நின்று கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறந்து, "அருமையா இருக்கே, ஹால் மாதிரியே இருக்கு" என்றார்.

எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். அதுதான் கொடுமை. கோபக்காரர்களாக இருந்தால் எதிர்த்து நிற்கலாம். பாசக்காரர்களை என்ன செய்வது? கண் வலிக்கப் பின்னி வந்தவளிடம், எடுத்துவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலை ரத்தினபாய் சோப்பு டப்பாவோடு உள்ளே போனாள். மேடையைப் பார்த்தாள். பூச்சாடியைச் சற்றுத் தள்ளிவிட்டு, டப்பாவை பிளாஸ்டிக்கின்மேல் வைத்துப் பார்த்தாள். கல் தெரியவில்லை. யாரோ வீட்டு வரவேற்பறையில் தன் சோப்பை வைத்தது போலிருந்தது. டப்பாவை எடுத்துத் தரையில் வைத்துக் குளித்தாள். பாடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தபோது டப்பா அவள் கையில் இருந்தது.

கிறிஸ்துமஸ் போனது, புது வருஷம் போனது. விருந்தாளிகள் வந்தார்கள், வீட்டைச் சுற்றிக் காட்டும்போது வேதசிரோமணி குளியலறையையும் காட்டினார். "ரத்தினத்தோட சொந்த பாத்ரூம். அவளே கல்லு பொறுக்கி எடுத்தா." விருந்தாளிகள் சிவப்புப் பூக்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ரத்தினபாய் புன்னகைத்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள் பாக்கியசாலி. உள்ளுக்குள் அவள் இன்னும் வாளி வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, வாஷ்பேசின் குழாயில் நீர் கசிகிறது என்று தனக்கோடியைக் கூப்பிட்டார்கள். எப்சியும் வந்திருந்தாள். தனக்கோடி பூச்சாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கினார். அடியில் சிவப்பு விரிப்பு பிழிந்தால் சொட்டும்போல ஈரமாகக் கிடந்தது. அதையும் உரித்தெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. கல்லு பூ பூத்துகினு கீது."

எல்லாரும் ஓடி வந்தார்கள். கசிந்த நீர் விரிப்புக்கடியில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறது. மேலே பிளாஸ்டிக் போட்டதால் உலர வழியில்லை. சிவப்பு நூலின் சாயம் இறங்கி, கல் அதைக் குடித்திருந்தது. வெள்ளை மார்பிளின் நீளத்துக்கு, இதழ் இதழாக, கண்ணி கண்ணியாக, வெளிர் ரோஸ் நிறத்தில் எப்சி பின்னிய அத்தனை பூவும் பதிந்திருந்தன.

எப்சி பூச்சாடியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சாயம் போகாதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணானே. ரத்தினம் ஆசை ஆசையா எடுத்த கல்லு. நானே பாழாக்கிட்டேனே. எந்தக் கையால பின்னினேனோ அந்தக் கை..."

"ஒப்பாரி வைக்காதக்கா. கல்லுதான் கெட்டுச்சு, ஆளு போகல" என்றார் வேதசிரோமணி. ரேஷ்மா ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். பூக்கள் அசையவில்லை.

ரத்தினபாய் மெல்ல உள்ளே வந்தாள். ஒரு பூவின்மேல் விரலை ஓட்டினாள். அந்தக் கல் அதே குளிர்ச்சியோடுதான் இருந்தது. அவள் முகத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் போயி ஏன் பேஜாராவுறீங்க" என்றார் தனக்கோடி. "மிஷின் எட்தாந்து மேலாக்க சீவி பாலீஷ் போட்டா புச்சு மாறி ஆயிடும். ஒரு நாள் வேல."

எப்சி எழுந்து நின்றாள். "அப்படியா? நெஜமாவா? அப்ப நான் வெள்ளை நூலுல வேற ஒண்ணு பின்னித் தந்துடறேன். வெள்ளையில ஏது சாயம்?"

"நூலே வேணாம்க்கா, இந்தத் தடவை கெட்டிக் கண்ணாடியா போட்டு நாலு பக்கமும் அடைச்சிருவோம்" என்றார் வேதசிரோமணி.

ரத்தினபாய் இருவரையும் பார்த்தாள். மீண்டும் புதிதாகும்; மீண்டும் மூடுவார்கள். மீண்டும் அவள் டப்பா தரைக்குப் போகும். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் திறக்கப் போவதில்லை.

"பாலிஷ் வேணாம்" என்றாள்.

"கறை இருக்கே, அத்தை."

"இருக்கட்டும். அண்ணி பின்னின பூ. இனிமே சாயமும் போகாது, துவைக்கவும் வேணாம்." எப்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அண்ணி, இது மேல இனிமே எதையும் விரிக்கக் கூடாது. கண்ணாடி கூடாது, பூச்சாடி கூடாது. எண்ணெய் பட்டா படட்டும், மஞ்சள் பட்டா படட்டும். இங்க என்னோட சோப்பு டப்பா இருக்கும். நான் இந்த மேடையக் கேட்டதே அதை வைக்கறதுக்குத்தான்."

வேதசிரோமணி மனைவியின் முகத்தையும், சமையலறை ஜன்னலில் வழக்கம்போல வைக்கப்பட்டிருந்த அந்த ரோஸ் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அது அவள் கையோடு போய்வருவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் இன்றைக்குத்தான் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல ரத்தினம்."

"கேட்டிருக்கலாம்ல."

"கேட்டேனே. சும்மான்னு சொன்ன."

"சும்மான்னா விட்டுடறதா?"

எப்சிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சோப்பு டப்பாவுக்கு ஒரு உறை பின்னித் தரட்டுமா?" என்றாள்.

"அக்கா, நீ முதல்ல காபி குடிக்க வா" என்று வேதசிரோமணி அவளை இழுத்துக்கொண்டு போனார்.

தனக்கோடி குழாயைச் சரிபண்ணிவிட்டுப் போன பிறகு, ரத்தினபாய் துண்டையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. முதல் சொம்புத் தண்ணீரின் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு. ஆலயத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவள் பாடுகிற பழைய கீர்த்தனைதான். ஆனால் அந்தச் சின்ன அறையின் டைல்ஸிலும் கல்லிலும் பட்டுத் திரும்பியபோது அது வேறு யாரோ பெரிய பாடகியின் குரல் போலிருந்தது. முதல் சரணம், இரண்டாவது சரணம். பழக்க தோஷத்தில் அங்கே ஒரு கணம் நின்றது. யாரும் தட்டவில்லை. மூன்றாவது சரணம் தொடங்கியது. காபி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

நான்காவது சரணத்தில் வேதசிரோமணி எழுந்து போய்க் கதவை மெதுவாகத் தட்டினார். "ரத்தினம், ஆஸ்டின் ஆபீஸ்லேருந்து போன்ல."

"வரிசையில நிக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. பாட்டு தொடர்ந்தது.

கடைசி வரி முடிந்து, வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஈரத்தலையில் துண்டு சுற்றி வெளியே வந்த ரத்தினபாய் இரண்டடி வைத்து நின்றாள். வலது கை, எதையோ பிடித்திருப்பது போல வளைந்தே இருந்தது. திரும்பப் போனாள். கதவுக்குள் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டப்பா எங்க?" என்று கேட்டார் வேதசிரோமணி.

"உள்ள இருக்கு."

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் ஒருதரம் போய்ப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு ரோஸ் நிறப் பூவின் நடுவில் டப்பா உட்கார்ந்திருந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்தாள். சோப்பு காலையில் வைத்தபடியே இருந்தது. இளைக்கவில்லை.